கோலார் தங்க வயலில் பாறை வெடிப்பும் அதன் ஆராய்ச்சியும்

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் அண்மையில் அமைந்துள்ள கோலார் தங்க வயலில் வாழ்ந்த மக்கள், ஒரு நூற்றாண்டுக் காலம் இருவகை ஓசைகளுக்குப் பழகியிருந்தனர். ஒன்று, வேலைமுறை மாறுவதை அறிவிக்கும் சங்கொலி. அது நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுந்தது. மற்றொன்று, முன்னறிவிப்பு ஏதுமின்றி நிலத்தின் அடியிலிருந்து எழுந்த முழக்கம். அம்முழக்கம் எழும்போது அடுக்கி வைத்த பாத்திரங்கள் குலுங்கும். சுவரின் காரை உதிரும். சில விநாடிகளில் எல்லாம் அடங்கிவிடும். அதன் பின்னர் வீட்டிலிருந்தோர் முதலிற் கேட்ட கேள்வி, அதிர்ச்சி எவ்வளவு பெரிது என்பதன்று. எந்தச் சுரங்கத்தில், எந்த மட்டத்தில், எந்த வேலைமுறையில் என்பதே ஆகும்.

இவ்வதிர்ச்சி இயற்கையாக நேரும் பூகம்பம் அன்று. மனிதன் தோண்டிய வெற்றிடத்தைச் சூழ்ந்துள்ள பாறை, தன்மீது ஏறிய சுமையைத் தாங்கமாட்டாது திடீரெனச் சிதறுவதால் உண்டாவது. இதனைப் பாறை வெடிப்பு என்பர். மருந்து வைத்து வெடிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பாறை தன்னுள் சேர்த்து வைத்த சக்தியையே வெளிவிடுகிறது. இதன் காரணத்தை அறியவும், நேர்ந்த இடத்தை நிர்ணயிக்கவும், கேட்டினைக் குறைக்கவும் கோலாரில் நடைபெற்ற ஆராய்ச்சி, உலகில் இத்துறையில் நடைபெற்ற மிகப் பழைய ஆராய்ச்சிகளுள் ஒன்றாகும். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. எனினும் அந்த ஆராய்ச்சி பயனற்றுப் போய்விடவில்லை. அதற்குரிய காரணத்தை இறுதியிற் காணலாம்.

தங்கம் கிடைத்த பாறை

தங்க வயலின் நில அமைப்பை அறிந்தாலன்றிப் பாறை வெடிப்பை விளங்கிக்கொள்ள இயலாது. இப்பகுதியில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும், சில கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு குறுகிய பாறைப் பட்டை ஓடுகிறது. இது கோலார் சிஸ்ட் பட்டை எனப்படும். இருபுறமும் கருங்கல் இனத்தைச் சேர்ந்த பாறைகள் இதனைச் சூழ்ந்துள்ளன. எரிமலைக் குழம்பாக வெளிப்பட்டு, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, கருமையும் கடினமும் பெற்ற ஹார்ன்பிளெண்டு சிஸ்ட் என்னும் பாறையே இப்பட்டையின் பெரும்பகுதி. இதன் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இப்பாறையினூடே குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் நிறைந்த தாது நாளங்கள் செங்குத்தாகச் சாய்ந்து செல்கின்றன. அவற்றுள் தலையாயது சாம்பியன் நாளம். நாளத்தின் அகலம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர் அளவே. ஆழமோ கிலோமீட்டர்க் கணக்கில் நீள்வது. ஒரு தடித்த நூலின் நடுவே உள்ள ஒற்றைத் தாளை மட்டும் உருவி எடுப்பதுபோல, இந்த மெல்லிய தாதுப் படலத்தை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டே கீழே சென்றனர். ஜான் டெய்லர் குழுமத்தார் 1880ஆம் ஆண்டில் தொடங்கி முறையாக நடத்திய இத்தொழிலில், மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் புகழ் பெற்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1956ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசாங்கத்தின் நிருவாகத்திற்கு வந்தன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. மூடப்படும் வரையில் கிடைத்த தங்கம் மொத்தம் ஏறத்தாழ 800 டன் என்பர்.

இந்த ஆழத்தில் இறங்கி உழைத்தோருள் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாறை வெடிப்பைப் பற்றிய அறிவு அவர்கள் வேலை செய்த இடங்களிலேயே, அவர்களுக்கு நேர்ந்த விபத்துகளின் வாயிலாகவே முதலில் கிடைத்தது.

ஆழத்தின் சுமை

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதை எளிய கணக்கினால் அறியலாம். ஹார்ன்பிளெண்டு சிஸ்ட் பாறையின் ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ளது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது 3,000 மீட்டர் உயரத்துக்கு இப்பாறை நிற்பதாகக் கொண்டால், அத்தூணின் எடை 900 கிலோகிராம் ஆகும். விரல் நகத்தின் அளவேயுள்ள பரப்பின்மீது ஏறத்தாழ ஒரு டன் எடை அழுந்துகிறது. நிலமட்டத்தில் காற்று மண்டலம் அதே பரப்பின்மீது செலுத்தும் அழுத்தம் 1 கிலோகிராம் அளவே.

இந்தப் பெருஞ்சுமை ஆராய்ச்சிக்கு உதவியதும் உண்டு. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை இக்கனமான பாறை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுவதால், 1965ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் அமைத்த கருவிகள், காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களின் சுவடுகளைப் பதிவு செய்தன. பௌதிக ஆராய்ச்சியாளருக்குக் கவசமாக விளங்கிய அதே பாறைச் சுமைதான், பக்கத்து மட்டங்களில் தாது வெட்டியவர்களுக்கு அபாயமாக இருந்தது.

வெட்டப்படாத பாறையில் இச்சுமை எங்கும் சீராகப் பரவி நிற்கிறது. ஓரிடத்தில் பாறையை அகற்றினால், அவ்விடம் தாங்கிய சுமை மறைந்துவிடுவதில்லை; வெற்றிடத்தின் விளிம்புகளுக்கு மாறுகிறது. பல தூண்கள் தாங்கும் ஒரு கோயில் மண்டபத்தைக் கருதுக. ஒரு தூணை அகற்றினால் அதன் பங்குச் சுமையை அண்டைத் தூண்கள் ஏற்கின்றன. மேலும் மேலும் தூண்களை அகற்றினால், எஞ்சி நிற்பவை தம் வலிமைக்கு மீறித் தாங்கவேண்டி வருகிறது. சுரங்கத்திலும் வெற்றிடத்தின் விளிம்பிலுள்ள பாறையில் அழுத்தம் இயல்பான அளவைப்போல் இருமடங்கும் மும்மடங்குமாக உயர்வது உண்டு. இரு புறமும் வெட்டப்பட்டு நடுவே எஞ்சிய தாதுத் துண்டில் அது அதற்கும் மேற்படும். சுமை நீங்குவதில்லை, இடம் மாறுகிறது என்பதே பாறை வெடிப்பு ஆராய்ச்சியின் முதற் பாடமாகும்.

வலிய பாறையே அபாயமானது

பாறை வலியதாக இருப்பின் சுரங்கம் பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. கோலார் அனுபவம் இதற்கு மாறானது. களிமண் போன்ற மென்மையான பொருள் சுமை ஏறுந்தோறும் மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கிறது. கடினமான பாறையோ நெகிழ்வதில்லை. அது மிகச் சிறிதளவே சுருங்கி, அச்சுருக்கத்தில் சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது.

பச்சை மூங்கிலை வளைத்தால் அது வளைந்துகொண்டே போகிறது. முற்றி உலர்ந்த மூங்கிலை வளைத்தால், அது நெடுநேரம் எதிர்த்து நின்று, பின்னர் ஓசையுடன் முறிந்து சிம்புகளைத் தெறிக்கிறது. தாங்கும் ஆற்றல் மிகுந்திருந்ததனாலேயே முறியும்போது வெளிப்பட்ட சக்தியும் மிகுந்தது. ஹார்ன்பிளெண்டு சிஸ்ட், குவார்ட்ஸ் ஆகிய இரண்டும் உலர்ந்த மூங்கிலைப் போன்றவை. அவற்றின் தாங்கும் எல்லை கடந்தவுடன், சேமித்த சக்தி ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் விடுபடுகிறது. அதில் ஒரு பகுதி பாறையை நொறுக்கி வெற்றிடத்துக்குள் வீசுகிறது. மற்றொரு பகுதி அதிர்ச்சி அலைகளாக எல்லாத் திசைகளிலும் பரவுகிறது.

பாறை எங்கும் ஒரே தன்மையுடையதாக இல்லாமையும் ஒரு காரணம். சிஸ்ட் பாறையை ஊடறுத்து, சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் வேற்றுப் பாறைகளும், பழங்காலத்தில் பாறை பிளந்து இடம்பெயர்ந்த பிளவுகளும் இங்கு உள்ளன. வெட்டுமுகம் இத்தகைய ஒரு சுவரையோ பிளவையோ நெருங்கும்போது அபாயம் மிகுவதைச் சுரங்கத்தார் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

காற்றடி எனக் கருதப்பட்ட காலம்

கோலாரில் பாறை வெடிப்பு முதன்முதலாகக் குறிக்கப்பட்டது 1898ஆம் ஆண்டில், உரிகம் சுரங்கத்தில் ஆகும். அப்போது சுரங்கம் சில நூறு மீட்டர் ஆழமே சென்றிருந்தது. அக்காலத்துச் சுரங்க அதிகாரிகள் இதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயரிட்டனர். வெடிப்பு நேர்ந்தபோது சுரங்கப் பாதைகளில் காற்று பேரலையாகப் பாய்ந்து விளக்குகளை அணைத்ததும் ஆட்களைத் தள்ளியதுமே இப்பெயருக்குக் காரணம். உண்மையில் காற்றின் வீச்சு காரணமன்று, விளைவேயாகும். பாறை திடீரென வெற்றிடத்துக்குள் நகரும்போது அங்கிருந்த காற்று பிதுங்கி வெளியேறுகிறது.

மைசூர் சமஸ்தானத்தின் நில இயல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பார், கோலாரின் காற்றடிகளையும் நில அதிர்ச்சிகளையும் பற்றி 1904ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். இப்பொருள் பற்றி நம் நாட்டில் எழுந்த தொடக்க கால ஆராய்ச்சிகளுள் அது ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில் தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தாரும் தங்கச் சுரங்கங்களின் மேலிருந்த தங்கள் வீடுகள் அதிர்வதைக் கண்டு அச்சமுற்றனர். அங்கு 1908ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. இரு நாடுகளிலும் ஒரே தீர்வு நாடப்பெற்றது. பூகம்பங்களை அளக்க ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி வீச்சர்ட் அமைத்த பதிவுக் கருவியை வரவழைத்தனர். கோலாரில் அக்கருவி 1912ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது.

வீச்சர்ட் கருவியின் தத்துவம் எளியது. கனத்த எடை ஒன்று, நிலம் அசையும்போதும் தான் அசையாது நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. நிலத்துக்கும் எடைக்கும் இடையே தோன்றும் அசைவினை நெம்புகோல்கள் பெருக்கி, சுழலும் உருளையிற் சுற்றிய புகையூட்டிய காகிதத்தின்மீது கீறுகின்றன. அதிர்ச்சி நேர்ந்த வேளையையும் அதன் அளவையும் இக்கருவி தெரிவித்தது. ஆயினும் தொழிலாளர் குடும்பங்கள் கேட்ட கேள்விக்கு, எங்கே என்னும் கேள்விக்கு, அதனால் விடையளிக்க இயலவில்லை.

‘எங்கே’ என்னும் கேள்வி

பாறை உடையும்போது இருவகை அலைகள் கிளம்புகின்றன. விரைந்து செல்வது முதன்மை அலை. பின்தங்கி வருவது துணை அலை. தொலைவிலுள்ள பூகம்பமாயின், இவ்விரண்டும் வந்து சேரும் நேரங்களின் இடைவெளியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். கோலாரிலோ அதிர்ச்சி நேரும் இடம் கருவியின் காலடியிலேயே உள்ளது. கடினப் பாறையில் முதன்மை அலை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்திற் செல்கிறது. 1,200 மீட்டரைக் கடக்க அதற்கு வேண்டிய காலம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இவ்வளவு சிறிய காலத்தைப் பழைய உருளைக் காகிதத்தில் பகுத்தறிய முடியாது.

இதற்கு வழி, ஒரு கருவிக்குப் பதிலாகப் பல கருவிகளை வெவ்வேறு இடங்களில் நிறுவி, எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துடன் இணைப்பதாகும். ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் அதிர்வேட்டின் ஓசை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு கணத்தில் எட்டுகிறது. எந்தத் தெருவில் எப்போது கேட்டது என்பதைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டால், வேட்டு வெடித்த இடத்தை அங்குச் செல்லாமலே சொல்லிவிடலாம். பாறை வெடிப்புக்கும் இம்முறை பொருந்தும். நான்கு நிலையங்களில் அலை வந்து சேர்ந்த நேரங்கள் தெரிந்தால், வெடிப்பின் இடம், ஆழம், வேளை ஆகியவற்றைக் கணக்கிடலாம். நிலையங்கள் மிகுந்தால் பிழை குறையும். ஆனால் காலத்தை அளப்பதில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு தவறினாலும், இடத்தில் 60 மீட்டர் தவறிவிடும். அடுத்தடுத்த இரு சுரங்க மட்டங்களுக்கு இடையிலேயே அதைவிடக் குறைந்த தூரம் இருக்கக்கூடும். ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியையும் அளக்கும் மின்னணுக் கருவிகள் தேவைப்பட்டன.

பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் ஒத்துழைப்புடன் 1978ஆம் ஆண்டில் கோலாரில் இத்தகைய பதிவு அமைப்பு நிறுவப்பட்டது. ஜியோபோன் எனப்படும் நில ஒலிவாங்கிகள் நிலமேற்பரப்பிலும் சுரங்கத்தினுள்ளும் பொருத்தப்பட்டு, அவை உணர்ந்த அதிர்வுகள் ஒரு நடு நிலையத்தில் சேர்த்துப் பதிவு செய்யப்பட்டன. அதன்பின், அதிர்ச்சி எந்தச் சுரங்கத்தின் எந்தப் பகுதியில் நேர்ந்தது என்பதைக் கணக்கிட்டு அறியும் நிலை வந்தது. மீட்புப் பணியாளரை எங்கு அனுப்புவது, எந்த வெட்டுமுகத்திலிருந்து ஆட்களை விலக்குவது என்பன போன்ற முடிவுகளுக்கு இது பெருந்துணையாயிற்று.

கோலாரிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தொலைவில், கௌரிபிதனூரில், தொலைநாடுகளில் நடைபெறும் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறியும் பொருட்டு 1965ஆம் ஆண்டில் ஒரு நில அதிர்வுப் பதிவு வரிசை அமைக்கப்பட்டது. கோலாரின் பெரிய பாறை வெடிப்புகள் அங்கும் பதிவாயின. குண்டு வெடித்தால் முதல் அசைவு எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கித் தள்ளுவதாக இருக்கும். பாறை சரிந்தாலோ பிளவில் நழுவினாலோ சில திசைகளிலேனும் முதல் அசைவு உள்நோக்கி இழுப்பதாக இருக்கும். அணுகுண்டையும் இயற்கை அதிர்ச்சியையும் வேறுபடுத்த உதவும் இவ்வளவுகோலே, பாறை எவ்வாறு உடைந்தது என்பதைச் சுரங்கத்தார் அறியவும் பயன்படுகிறது.

வெட்டும் முறையில் நேர்ந்த மாறுதல்

காரணத்தை அறிந்தவுடன் கேட்டைக் குறைக்கும் வழிகள் புலப்பட்டன. தொடக்கத்தில் வெட்டிய வெற்றிடங்களை மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்துத் தாங்கினர். மரம் எளிதில் நசுங்கியது. பின்னர்க் கருங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினர். கற்களுக்கிடையே இடைவெளி இருந்தமையால், பாறை நெடுந்தூரம் நெருங்கி வந்த பின்னரே அச்சுவர்கள் சுமையை ஏற்றன. அதற்குள் விளிம்புகளில் அழுத்தம் ஏறிவிடும். ஆகவே வெட்டிய இடத்தைக் காலந்தாழ்த்தாது கான்கிரீட்டினால் இறுக நிரப்பும் முறை பின்னாளில் மேற்கொள்ளப்பட்டது.

வெட்டும் வரிசையும் மாற்றப்பட்டது. இரு புறமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் ஒரு துண்டை எஞ்சவிடுவது மிக அபாயமானது எனத் தெளிந்தனர். அத்தகைய துண்டுகள் எஞ்சாதபடியும், சுவர்ப்பாறைகளையும் பிளவுகளையும் நோக்கிச் செல்லாது அவற்றிலிருந்து விலகிச் செல்லும்படியும் வெட்டுதல் திட்டமிடப்பட்டது.

இவ்வறிவு கோலாரோடு நின்றுவிடவில்லை. கோலாரிற் பணியாற்றிய பொறியாளர் மாரிசன் பின்னர்க் கானடா சென்று, ஒண்டேரியோ மாகாணச் சுரங்கங்களின் பாறை வெடிப்பைப் பற்றி 1942ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை இத்துறையில் புகழ் பெற்றது. வெற்றிடத்தைச் சுற்றிக் கவிகை வடிவிற் பாறை தளர்கிறது என்பது அவரது விளக்கம். கோலாரில் ஆராய்ச்சி செய்த ஐசக்சன் 1958இல் சுரங்கங்களில் பாறை அழுத்தம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1955ஆம் ஆண்டில் கோலாரின் பாறை வெடிப்புகளை ஆராய ஒரு சிறப்புக் குழுவும் அறிக்கை அளித்தது.

எனினும் வெடிப்புகள் முற்றும் நின்றுவிட்டன என்று கொள்ளலாகாது. 1962ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கிளென் தாதுப் பகுதியில் நேர்ந்த பெருவெடிப்பு, ஒரு வெட்டுமுகத்தோடு அமையாது, பல மட்டங்களைத் தழுவிய பெரும்பரப்பைத் தாக்கியது. இத்தகைய வெடிப்புகளில் முதல் அதிர்ச்சியைத் தொடர்ந்து, சுமை இடம் மாறி நிலைபெறும் வரையில் சிறுசிறு அதிர்ச்சிகள் தொடர்வது உண்டு.

முன்னறிய இயலுமா?

பாறை உடையுமுன் அதனுள் நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. அவற்றின் மெல்லிய ஓசையைக் கருவிகள் உணர்கின்றன. சில வேளைகளில் இவ்வோசைகள் நாளுக்கு நாள் பெருகி, பின்னர்ப் பெருவெடிப்பு நேர்கிறது. சில வேளைகளில் பெருகிய ஓசைகள் எவ்விளைவுமின்றி அடங்கிவிடுகின்றன. வேறு சில வேளைகளில் எச்சரிக்கை ஏதுமின்றியே பாறை உடைகிறது. ஆகவே இன்ன நாளில், இன்ன நேரத்தில் வெடிப்பு நேரும் என்று கூறும் ஆற்றலை விஞ்ஞானம் இன்னும் பெறவில்லை. எந்த இடம் அபாயமானது என்பதை மட்டும் தக்க உறுதியுடன் கூறலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. நாளை அறியாவிடினும், இடத்தை அறிந்தால் ஆட்களை அங்கிருந்து விலக்கலாம். வெட்டும் வரிசையை மாற்றலாம். மேலும் பலமான தாங்கலை அமைக்கலாம். கோலாரில் காக்கப்பட்ட உயிர்கள் இவ்வழியிலேயே காக்கப்பட்டன.

சுரங்கம் மூடிய பின்னர்

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரை இறைத்து வெளியேற்றும் பணியும் நின்றது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய பாதைகளையும் வெட்டிய வெற்றிடங்களையும் நீர் சிறுகச் சிறுக நிரப்பத் தொடங்கியது. வெட்டுதல் நின்றதனால் அதிர்ச்சிகளும் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் அதன் பின்னரும் தங்க வயலில் நில அதிர்வுகள் உணரப்பட்டன, கருவிகளிலும் பதிவாயின. நீர் நிரம்புவதற்கும் இவ்வதிர்வுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சியாளர் ஆராய்ந்துள்ளனர்.

நீர் எவ்வாறு நிலத்தை அதிரச் செய்யும்? நீர் பாறையை வழுக்கச் செய்கிறது என்று பொதுவாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரு பாறைப் பலகைகள் நழுவாது நிற்பதற்குக் காரணம், அவற்றை இறுக்கும் சுமையும் அதனால் விளையும் உராய்வுமே ஆகும். இடையே அழுத்தமுள்ள நீர் புகுந்தால், அது சுமையின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. இறுக்கம் குறைகிறது, உராய்வும் குறைகிறது, நழுவக் காத்திருந்த பிளவு நழுவுகிறது. 3,000 மீட்டர் உயர நீர்த்தூண் ஒரு சதுர சென்டிமீட்டர்மீது 300 கிலோகிராம் அழுத்துகிறது. பாறைச் சுமையில் இது மூன்றில் ஒரு பங்கு. வெற்றிடத்தின் சுவர்களை இந்நீர் ஓரளவு தாங்கவும் செய்யும். ஆயின் விரிசல்களுக்குள் ஊடுருவும்போது அதுவே பிளவுகளைத் தளர்த்தவும் வல்லது.

இதற்கு உலகில் வேறு சான்றுகளும் உள்ளன. அமெரிக்காவின் டென்வர் நகரருகே ஏறத்தாழ 3,600 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணற்றில் 1962ஆம் ஆண்டு முதல் கழிவுநீர் செலுத்தப்பட்டபோது, அதுவரை அமைதியாக இருந்த இடத்தில் நில அதிர்ச்சிகள் தோன்றின. 1966இல் நீர் செலுத்துதல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னரும், 1967ஆம் ஆண்டில், முன்னிலும் பெரிய அதிர்ச்சிகள் நேர்ந்தன. ஆழத்திற் புகுந்த நீரின் அழுத்தம் பரவி அடங்கக் காலம் பிடித்ததே இதற்குக் காரணம். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கிய பின்னர் அதிர்வுகள் தோன்றி, 1967 டிசம்பரில் ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்த பெரும் பூகம்பம் நேர்ந்ததும் நினைவுகூரத்தக்கது. கோலாரின் அதிர்வுகள் அளவிற் கொய்னாவுடன் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆயினும் அவை ஆழங்குறைந்த இடத்தில், மக்கள் குடியிருப்புக்கு நேர்க்கீழே எழுவதால், சிறியவையும் வலுவாக உணரப்படுகின்றன.

தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் 1988ஆம் ஆண்டில் தங்க வயலிலேயே நிறுவப்பட்டது. பாறை வெடிப்பு ஆராய்ச்சியில் கோலார் ஈட்டிய அனுபவமே அதன் முதற் செல்வமாகும். நிலத்தடி மின்னாக்க நிலையங்களைக் குடைவோருக்கும், மலைகளைத் துளைத்துச் சுரங்கப் பாதை அமைப்போருக்கும், ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம் போன்றவற்றை நடத்துவோருக்கும் அவ்வனுபவம் பயன்பட்டு வருகிறது. பூட்டான் நாட்டின் தாலா மின்னாக்க நிலையத்தின் குகைச் சுவர்களில் பாறை உடையும் நுண்ணொலிகளைக் கேட்கவும் இந்நிலையத்தார் கருவிகள் அமைத்தனர்.

தங்க வயலில் எஞ்சியிருப்பவை பழைய குழிகளும், சயனைடு மேடுகளும், லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களும் மட்டுமல்ல. ஒரு நூற்றாண்டுக் காலம் வெட்டப்பட்டும் இன்னும் முற்றும் நிலைபெறாத பாறையும் அங்கு உள்ளது. சுமை நீங்குவதில்லை, இடம் மாறுகிறது என்னும் பாடம் மூடிய சுரங்கத்துக்கும் பொருந்தும். ஆதலால் அங்கு நீர்மட்டத்தை அளப்பதும், அதிர்வுகளைப் பதிவு செய்வதும் இடையறாது நடைபெறுதல் இன்றியமையாதது. அங்கு வாழ்வோரும் இதற்குத் துணைபுரியலாம். அதிர்வு உணரப்பட்ட வேளையைக் குறித்து வைத்தல், சுவரில் தோன்றும் புதிய விரிசலைக் கவனித்தல், பழைய குழிகளுக்கு அருகே நிலம் உள்வாங்கினால் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் ஆகியவை சிறு செயல்கள் போலத் தோன்றினும், ஆராய்ச்சியாளரின் கணக்குகளுக்கு உதவுவன. எந்தச் சுரங்கத்தில், எந்த மட்டத்தில் என்று அன்று மக்கள் கேட்ட கேள்விக்கு விடை கூறும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றைத் தொடர்ந்து இயங்கச் செய்வதும், அவை கூறுவதைச் செவிமடுப்பதுமே எஞ்சியுள்ள கடமையாகும்.